கிளெம்சனில் 'எழுபது' என்றால் ஏன் முனகுகிறார்கள்?

அமெரிக்காவின் சவுத் கரோலினா மாநிலத்தில் உள்ள கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்து சில வாரங்களே ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வெள்ளிக்கிழமையானால் ஊரே ஆரஞ்சுச் சட்டை போடுகிறது. லேபில் யாரோ வெஸ்ட் வர்ஜீனியா என்று பேச்செடுத்ததும் ஒருவர் 'எழுபது' என்று முனகினார், மற்றவர்கள் தலையில் கைவைத்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த அமெரிக்க ஃபுட்பால் தெரியாமல் இங்கே காலம் தள்ள முடியாதா அண்ணா?"

தாராளமாகத் தள்ளலாம் தம்பி. மிஷ்லின், பி.எம்.டபிள்யூ வேலைக்கென்று கிரீன்வில் பக்கம் வந்து குடியேறிய நம் ஆட்களில், வருஷக்கணக்காக ஒரு ஆட்டம்கூடப் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக அணியிடம் கிளெம்சன் எழுபது பாயின்ட் வாங்கித் தோற்ற அந்தக் கதையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்க்காரர்களோடு பேச்சு வளர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஜெயித்த கதையை எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். இந்தத் தோல்வியைக் கேட்டால் ஆளுக்கொரு விதமாக, கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்கள்.

சீசன் செப்டம்பரில் சூடுபிடித்து நவம்பரோடு முடியும். கல்லூரிகள் பெரும்பாலும் தங்கள் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே, அதாவது தாங்கள் சேர்ந்திருக்கும் கல்லூரிக் குழுவுக்குள்ளேயே, மோதிக்கொள்ளும். அப்புறம் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி ஆரம்பம் வரை, ஓரளவு நன்றாக ஆடிய அணிகளை அழைத்து வெவ்வேறு ஊர்களில் ஒற்றை ஆட்டமாக நடத்துவதுதான் பவுல். மயாமி பக்கம் நடப்பது ஆரஞ்சு பவுல். அங்கே இடம் கிடைப்பதே பெரிய கௌரவம்.

2011 சீசனில் கிளெம்சன் இருபது வருஷங்களுக்குப் பிறகு தன் கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யின் பட்டத்தை வென்றிருந்தது. அந்தத் தெம்போடு 2012 ஜனவரி 4 இரவு ஆரஞ்சு பவுலில் இறங்கியது. எதிரே வெஸ்ட் வர்ஜீனியா. தரவரிசையில் கிளெம்சனுக்குக் கீழே இருந்த அணி. பந்தயக்காரர்களும் கிளெம்சன் பக்கம்தான் சாய்ந்திருந்தார்கள்.

ஆரம்பமும் அப்படித்தான் இருந்தது. கிளெம்சனின் ஆண்ட்ரே எலிங்டன் 68 யார்டு ஓடி முதல் டச்டவுனைப் போட்டார் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோவதுதான் டச்டவுன்). முதல் குவாட்டர் (ஆட்டத்தின் கால் பங்கு) முடிவில் கிளெம்சன் 17, எதிரணி 14. இரண்டாவது குவாட்டரில் 21-17 என்று பின்தங்கியிருந்தபோது, கிளெம்சன் மறுபடியும் எதிரணியின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் சில யார்டுதான். எலிங்டன் பந்தோடு கும்பலுக்குள் முட்டிக்கொண்டு நுழைந்தார். ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்க, பந்து எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. திடீரென்று டார்வின் குக் என்ற வெஸ்ட் வர்ஜீனியா தடுப்பாட்டக்காரர் எதிர்த்திசையில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார், கையில் பந்து! 99 யார்டு. துரத்தியவர்கள் யாரும் அவரை எட்டவில்லை. ஓடிய வேகத்தில் நிற்க முடியாமலோ சந்தோஷத்திலோ, மைதான ஓரத்தில் ஆரஞ்சுப் பழ வேஷத்தில் நின்ற ஓபி என்ற ஆரஞ்சு பவுல் சின்னப் பொம்மையைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி, தானும் அதன்மேல் விழுந்தார். அந்த வீடியோவை அவசியம் தேடிப் பாருங்கள், சிரிக்காமல் இருக்க முடியாது. லேபில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

கிளெம்சன் முன்னிலைக்கு வந்திருக்க வேண்டிய இடத்தில் ஸ்கோர் 28-17 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இடைவேளைக்குள் கிளெம்சன் ஒரு ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து எடுக்கும் மூன்று பாயின்ட்) அடித்தது, அவ்வளவுதான். இடைவேளைக்கு முந்தைய சில நிமிடங்களில் மட்டும் வெஸ்ட் வர்ஜீனியா மூன்று டச்டவுன் போட்டது. பாதி ஆட்டத்தில் 49-20. நான் அப்போது பக்கத்து வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். முடிவு 70-33. எழுபது என்பது அதுவரை எந்த பவுல் ஆட்டத்திலும் ஒரு அணி எடுக்காத ஸ்கோர்.

எப்படி இவ்வளவு விழுந்தது? ஒரு உத்தியை மட்டும் சொல்கிறேன். வெஸ்ட் வர்ஜீனியாவின் டேவன் ஆஸ்டின் என்ற குள்ளமான, மின்னலாக ஓடும் ஆள் பக்கவாட்டில் ஓடி வருவார். ஆட்டத்தை நடத்திப் பந்தை வீசும் குவாட்டர்பேக் ஜீனோ ஸ்மித் கைக்குப் பந்து வந்த கணமே அதை முன்பக்கமாக அவரிடம் லேசாகத் தட்டிவிடுவார். தவறிக் கீழே விழுந்தாலும் அது பிடிபடாத பாஸ் கணக்கில்தான் சேரும், எதிரணி எடுத்துக்கொண்டு ஓட முடியாது. ஆபத்தே இல்லை. இதற்கு கிளெம்சன் தடுப்பாட்டத்தில் கடைசிவரை பதில் இல்லை. ஆஸ்டின் நான்கு டச்டவுன், ஸ்மித் பாஸில் மட்டும் ஆறு.

பவுல் ஆட்டங்களில் இப்படி ஒருபக்கமாகக் கவிழ்வது புதிதல்ல. ஒரு மாதம் ஆடாமல் இருந்துவிட்டு, பழக்கமில்லாத அணியோடு மோதுகிறார்கள். ஆடுவது இருபது வயசுப் பிள்ளைகள், இரண்டு அடி விழுந்தால் தோள் தொங்கிவிடும். இப்போதோ நல்ல ஆட்டக்காரர்கள் சிலர் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் வாய்ப்பை நினைத்து பவுலுக்கே வருவதில்லை. யார் ஜெயிப்பார் என்று கணிப்பதில் அர்த்தமே இல்லாமல் போய்விட்டது.

அடுத்து நடந்ததைத்தான் கிளெம்சன்காரர்கள் ஆசையாகச் சொல்வார்கள். தலைமைப் பயிற்சியாளர் டாபோ ஸ்வினி நீடித்தார். தடுப்பாட்டப் பயிற்சியாளர் கெவின் ஸ்டீல் சில நாட்களிலேயே வெளியேற, ஓக்லஹோமாவிலிருந்து பிரென்ட் வெனபிள்ஸ் வந்தார். 2017 ஜனவரியில் அலபாமாவை 35-31 என்று வென்று தேசியப் பட்டம். 2019 ஜனவரியில் மறுபடியும் அதே அலபாமாதான். எல்லாரும் அலபாமா ஜெயிக்கும் என்றார்கள், முடிவு 44-16, கிளெம்சனுக்கு. அதனால்தான் இன்று எழுபது என்று முனகினாலும் உள்ளூர ஒரு சிரிப்பு இருக்கும்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். உள்ளூர் ஆட்டம் உள்ள சனிக்கிழமை மளிகைக்குக் காரை எடுக்காதீர்கள். எண்பதாயிரம் பேர் கொள்ளும் ஸ்டேடியம், ஊரின் ஜனத்தொகையோ அதில் பாதிகூட இல்லை. ஆட்டம் தொடங்கியபின் போனால் கடை காலியாக இருக்கும். டெயில்கேட்டுக்கு (ஆட்டத்துக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் நடக்கும் சாப்பாட்டுக் கொண்டாட்டம்) யாராவது கூப்பிட்டால் போய்விடுங்கள். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், கையில் ஒரு டப்பா எலுமிச்சை சாதமும் இருக்கட்டும். குடிக்காவிட்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஸ்டேடியத்துக்குள் போக ஒளி ஊடுருவும் பைதான் வேண்டும், முதுகுப்பை வேண்டாம். நவம்பர் கடைசியில் கொலம்பியாவில் இருக்கும் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தோடு ஆட்டம் வரும். அவர்கள் நிறம் கருஞ்சிவப்பு. ஊரிலிருந்து அம்மா வாங்கி அனுப்பிய சட்டை அந்த நிறத்தில் இருந்தால், அந்த வாரம் மட்டும் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.