தொட்டபெட்டாவில் பாதி உயரம்தானே என்று கிளம்ப வேண்டாம்

கேள்வி: கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவள். செப்டம்பரில் முதுகலை படிக்க எடின்பரோ போகிறேன். வார இறுதியில் மலையேறவும், ஒரு நாள் பயணமாகக் கடற்கரைக்குப் போகவும் ஆசை. மலையிலேயே நடந்து பழகிய எனக்கு அங்கே புதிதாக என்ன இருக்கும்?

பதில்: கால் பழக்கம் கைகொடுக்கும். கணக்குதான் வேறு. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் 1,345 மீட்டர். ஆனால் ஊட்டியே சுமார் 2,240 மீட்டரில் இருப்பதால் அங்கிருந்து ஏறுவது 400 மீட்டர்தான். பென் நெவிஸ் பாதையோ ஏறக்குறைய கடல் மட்டத்தில் தொடங்குகிறது. 1,300 மீட்டருக்கு மேல் ஏறி, அதே அளவு இறங்க வேண்டும். இறக்கத்தில்தான் முழங்கால் விட்டுப்போகும்.

நேரத்துக்கு நெய்ஸ்மித் கணக்கு உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உட்கார்ந்து சாப்பிடுவது இதில் சேராது. முதல் மாதம் பென்ட்லண்ட் குன்றுகளில் பழகுங்கள். நகரப் பேருந்திலேயே அடிவாரம் போகலாம், உயரமான ஸ்கால்ட் லா 579 மீட்டர்தான்.

நம் ஊரில் எந்த மாதமும் ஆறு, ஆறரைக்கு இருட்டும். அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். முதல் நாள் ஐந்தே முக்காலை ஒட்டி மறைந்த சூரியன் மறுநாள் நாலே முக்காலுக்கே போய்விடும். டிசம்பரில் மூன்றே முக்காலுக்குள் அந்தி. தலையில் மாட்டும் டார்ச் பையிலேயே இருக்கட்டும். பனி விழுந்தபின் உயர்ந்த மலைகளுக்கு ஐஸ் கோடரி, கிராம்பான் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்) பயிற்சி இல்லாமல் போகக்கூடாது.

ஜீன்ஸ், பருத்தி பனியன் இரண்டும் வேண்டாம். நனைந்த பருத்தி காயாது. காற்று அடித்ததும் உடல் சூட்டை இழுத்துவிடும். அடிவாரத்தில் 12 டிகிரி என்றால் பென் நெவிஸ் உச்சியில் மூன்று, நான்குதான். உள்ளே மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், நடுவில் ஃப்ளீஸ் என்ற கதகதப்பான துணி, வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட்.

அட்டைக்கு உப்பு தடவும் கை, அங்கே உண்ணி கடித்தாலும் உப்பைத் தேடும். தேட வேண்டாம், தீயும் காட்ட வேண்டாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுங்கள். பின்வரும் வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வட்டம் படர்ந்தால் உண்ணி பரப்பும் லைம் நோயாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது கடலில்தான். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவு. எடின்பரோ பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஐந்து மீட்டர் வரை. கிராமண்ட் தீவுக்கு நீர் வற்றியிருக்கும்போது நடந்தே போகலாம். வற்றின உச்ச நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம்தான் பாதை திறந்திருக்கும். அதற்குள் திரும்பியும் வந்துவிட வேண்டும். நீர் வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால் நேற்றைய நேரம் இன்று உதவாது. நீர் சூழ்ந்துவிட்டால் தீவிலேயே நின்று உதவிக்கு அழையுங்கள், பாதையில் இறங்கவே கூடாது.

ஆபத்தில் 999 அழைத்து, மலையில் என்றால் போலீஸைக் கேட்டு மவுண்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்றும், கடலோரத்தில் என்றால் கோஸ்ட்கார்ட் என்றும் சொல்லுங்கள். சிக்னல் இல்லையா? நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பணம் கேட்பார்களோ என்று தயங்காதீர்கள். மீட்புக்குக் கட்டணம் கிடையாது.