ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் குரூப் தூங்குது, எழுப்பலாமா? வேலூர் வட்டாரக் கேள்வி பதில்

ஊர் கட்டிப் படை திரட்டி மோதுற கம்ப்யூட்டர் கேம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. அதை ஆடுற வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்துக்காரங்க குரூப் கொஞ்ச நாளா வெறும் குட்மார்னிங் படங்களோட நிக்குது. இதை எப்படிப் பழையபடி ஆக்கலாம்னு பல பேர் கேட்டிருந்தீங்க. வந்த வரிசையில பதில் சொல்றேன்.

காட்பாடி: அண்ணா, 1999ல வந்த கேம். ஆள் குறையறது இயல்புதானே? விட்டுடலாமா?

வயசைக் காரணம் காட்டாதீங்க. 2000ல கான்கரர்ஸ்ங்கற விரிவாக்கம் வந்ததுக்கப்புறம் 2013 வரைக்கும் இந்த ஆட்டத்துக்கு அதிகாரபூர்வமா ஒரு விரிவாக்கம்கூட வரலை. அவ்வளவு வருஷமும் உயிரோட வெச்சிருந்தது வூப்ளி மாதிரி ஆன்லைன் தளங்கள்ல கூடி ஆடினவங்கதான். ரசிகர்களே உட்கார்ந்து செஞ்ச ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ங்கற மோட்தான் (ஆட்டத்துல ரசிகர்கள் பண்ற மாற்றம்) 2013 நவம்பர்ல அதிகாரபூர்வ விரிவாக்கமா வந்தது. 2019ல வந்த புதுப்பிச்ச பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷன்லயும் அதே ஆளுங்க கை இருக்கு. அவங்க யாரும் அரட்டை அடிச்சு ஆட்டத்தைக் காப்பாத்தலை. கையில வேலை இருந்தது, பேச்சு தானா வந்தது.

குடியாத்தம்: தினமும் ஒரு கேள்வி, ஒரு வாக்கெடுப்பு போடறேன். ரெண்டு பேர்கூட பதில் போட மாட்டேங்கறாங்க.

நிறுத்திடுங்க. ‘உங்களுக்குப் பிடிச்ச நாகரிகம் (ஆட்டத்துல நாம எடுத்து ஆடுற இனம்) எது’ன்னு பொதுவா கேட்டா, பதில் சொல்லலைன்னாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஊருக்கே கேக்காம ஒரே ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேளுங்க. “தம்பி, நேத்து தோத்த ஆட்டத்தோட ரெக்கார்டைப் போடு, காஸில் ஏஜ் போக ஏன் அவ்வளவு நேரமாச்சுன்னு பார்க்கலாம்.” (ஆட்டத்துல ஏறிப்போற நாலு கட்டத்துல அது மூணாவது.) அவர் போடுவார். பார்த்த நாலு பேர் சும்மா இருக்க மாட்டாங்க, அடுத்தவன் ஆட்டத்துல குறை சொல்ற சுகமே தனி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. கேமுக்குப் புது பேட்ச் (அப்டேட்) வந்தா பழைய ரெக்கார்டு திறக்காம போயிடும், அந்த வாரமே பார்த்துடணும்.

ஆம்பூர்: இன்னாண்ணா, டைம்தான் பிரச்சினை. ஷூ கம்பெனி வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள பாதிப் பேர் தூங்கிடறாங்க.

எல்லாருக்கும் ஒத்துவர்ற நேரம் எந்தக் குரூப்லயும் கிடையாது. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பதுன்னா ஒன்பது. ரெண்டே பேர் வந்தாலும் ஆடுங்க, குறையற இடத்துல கம்ப்யூட்டரை உட்கார வைங்க. ஒரு வாரம் ‘ஆள் சேரலை, அடுத்த வாரம்’னு சொன்னீங்கன்னா அடுத்த வாரம் அந்த ரெண்டு பேரும் வர மாட்டாங்க. ஆட்டம் ரொம்ப நேரம் இழுக்குதுன்னா எம்பயர் வார்ஸ்ங்கற ஆட்ட வகையை வைங்க. ஊரும் வீடும் கட்டி முடிச்ச நிலையில ரெண்டாவது கட்டமான ஃபியூடல் ஏஜ்லயே தொடங்கும், ஆரம்பத்துல சாப்பாட்டுக்கு ஆடு மேய்க்கிற நேரம் மிச்சம். ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பார்க்கிறவங்களுக்குத் தனியா ஒரு பகல் நேரம் போடுங்க. வைகாசி ஒண்ணாம் தேதி மட்டும் எதுவும் வேண்டாம், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்னிக்குக் குடியாத்தத்துக்காரங்க ஒருத்தரும் வர மாட்டாங்க.

ராணிப்பேட்டை: நான் புதுசு. ஆட்டத்துல திராவிடர்ங்கற நாகரிகத்துக்கு ஏன் நைட் (Knight) குதிரைவீரன் இல்லைன்னு கேட்டேன், ‘நூப்’னு (ஒண்ணும் தெரியாதவன்னு) சிரிச்சாங்க. பொண்ணுன்னு தெரிஞ்சதும் தனி மெசேஜ்ல வேற தொல்லை. அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்கறதில்லை.

குரூப் ஏன் அமைதியாச்சுன்னு மத்தவங்க கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் இதுலயே இருக்கும்மா. உங்களை மாதிரி எத்தனை பேர் ஒரு தடவை கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டாங்களோ. தனி மெசேஜ்ல தொல்லை குடுக்கிற ஆளை எச்சரிக்கையெல்லாம் பண்ணாம வெளியே அனுப்பணும், அவர் இந்த மாவட்டத்துலயே பெரிய ஆட்டக்காரரா இருந்தாலும் சரி. ஸ்க்ரீன்ஷாட்டை அட்மினுக்கு அனுப்புங்க. சிரிச்சவங்களுக்கு ஒரு விதி போதும்: புதுசா வர்றவங்க கேள்விக்கு முதல் பதில் விளக்கமா இருக்கணும், கிண்டல் அப்புறம்.

உங்க கேள்விக்கு வர்றேன். திராவிடர்களைக் காலாளும் கப்பலும் நம்பி வடிவமைச்சிருக்காங்க, அதனால குதிரையில குறை வெச்சுட்டாங்க. காலாளை உருவாக்குற பாரக்ஸ் கட்டடத்துல பண்ற ஆராய்ச்சி பாதி விலை, ஒவ்வொரு ஏஜ் ஏறும்போதும் 200 மரம் இலவசம். ஆரம்பத்துலயே காலாட்களை அனுப்பி எதிரியைத் தொந்தரவு பண்ணுங்க. சிரிச்சவர்கூட ஒரு ஆட்டம் போட்டுட்டு ரெக்கார்டை அனுப்புங்க.

அரக்கோணம்: 2022ல ஆட்டத்துல ராஜேந்திர சோழன் கேம்பெயின் (கதையா ஆடுற தொடர்) வந்தப்போ குரூப்ல ஒரே கூத்து. இப்ப அடுத்த அப்டேட் வரைக்கும் காத்திருக்கணுமா?

நீங்க அரக்கோணத்துல இருந்துகிட்டு இதைக் கேக்கலாமா? பக்கத்துலதான் தக்கோலம். 949ல ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோட படையும் சோழர் படையும் மோதினது அங்கதான். முதல் பராந்தகனோட மகன் ராஜாதித்தன் யானை மேல இருந்தபடியே செத்தான், ‘யானைமேல் துஞ்சின தேவர்’னு பேர் வந்தது. கங்க அரசன் பூதுகன் கையில செத்தான்னு ஆதகூர் கல்வெட்டு சொல்லுது. அடிவாங்கின சோழர்கள் பழைய நிலைக்கு வரவே பல வருஷம் ஆச்சு. ராஜேந்திரன் கடாரத்துக்குக் கப்பல் விட்டதெல்லாம் இதுக்கு ரொம்பப் பின்னாடி. சோழர் ஜெயிச்ச கதையைக் கேம் கம்பெனிக்காரன் குடுத்துட்டான். நம்ம ஊர்ல தோத்த கதை சும்மா கிடக்குது.

நாமளே புதுக் கதை உருவாக்குற சினாரியோ எடிட்டர் ஆட்டத்துக்குள்ளயே இருக்கு, தக்கோலம் சண்டையை அதுல செய்யலாம். ஒருத்தர் வரைபடம் போடட்டும், கொசஸ்தலை ஆறு மறக்காம. இன்னொருத்தர் ட்ரிகர், அதாவது ‘இது நடந்தா அது நடக்கணும்’ங்கற கட்டளை: ராஜாதித்தன் யானை விழுந்தா சோழர் ஆட்டம் முடிஞ்சது. வசனம் நல்ல தமிழ்ல எழுத ஒருத்தர். நேர்ல போய்ப் படம் எடுத்து வர ரெண்டு பேர். ராஷ்டிரகூடர்னு தனி நாகரிகம் ஆட்டத்துல கிடையாது. கூர்ஜரர்களை வெச்சு ஒப்பேத்தலாம்னா, அவங்களே ராஷ்டிரகூடர்களுக்குப் பரம எதிரி. ரெண்டு பக்கமும் திராவிடர்னே வெச்சுடலாம்னு நான் சொல்வேன், ஆரணியிலிருந்து யாராவது உடனே சண்டைக்கு வருவாங்க. வரட்டும். ஆடறவர் ராஜாதித்தனைக் காப்பாத்த முடியுமா, இல்ல வரலாறு மாதிரியே சாகணுமா? இதுக்கு மட்டும் வாக்கெடுப்பு வைங்க, குடியாத்தம் தம்பியே நடத்தட்டும்.

வாணியம்பாடி: லேப்டாப் பழசு, டெஃபினிட்டிவ் திக்கித் திணறுது.

அதிகத் தெளிவு கிராஃபிக்ஸ் தனி டவுன்லோடு, அதைப் போட்டிருந்தா எடுத்துடுங்க. அப்பவும் ஓடலைன்னா ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குத் தமிழ்ல வர்ணனை சொல்லுங்க, அதுக்குத்தான் ஆளே இல்லை.

ஆற்காடு: பரிசுப் பணம் வெச்சு டோர்னமெண்ட் நடத்தலாமா?

வேண்டாம். எங்கிருந்தோ ஒருத்தன் வருவான், ஜெயிப்பான், போயிடுவான். தோத்த அணி பிரியாணி வாங்கித் தரட்டும். ஆம்பூரா ஆற்காடான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.

திருப்பத்தூர்: அட்மின் துபாய் போயிட்டார், மெசேஜ் பார்க்கறதே இல்லை. புதுக் குரூப் தொடங்கிடலாமா?

முதல்ல போன் பண்ணிக் கேளுங்க, கோவமா இல்லாம. வெள்ளி, சனியில ஆடற ரெண்டு பேரைக் கூட அட்மினா போடச் சொன்னா பெரும்பாலும் போட்டுடுவார், அவருக்கும் பாரம் குறையும். முடியாதுன்னா மட்டும் புதுசு தொடங்குங்க. அப்பவும் பழைய குரூப்ல இருக்கிற அத்தனை பேரையும் அள்ளிக்கிட்டுப் போகாதீங்க. போன மாசம் ஒரு ஆட்டமாவது ஆடினவங்களை மட்டும் சேருங்க, மத்தவங்க கேட்டு வரட்டும்.