பொட்டலம் ஏன் ஊசிப்போனது? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

மதுரை வடக்கில், பந்தல்குடி கால்வாயிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு லாரி நிறையப் பொருள் அனுப்பியது. ஆயிரம் எலுமிச்சை சாதப் பொட்டலம், பிஸ்கட், தண்ணீர் பாட்டில், துணி மூட்டைகள். பொட்டலத்தில் பாதிக்கு மேல் ஊசிப்போய்விட்டது. துணியை வாங்க ஆளில்லை. அடுத்த வருஷமே, 2024 அக்டோபர் 25 அன்று, எங்கள் தெருவிலேயே முழங்கால் தண்ணீர். இப்போது சங்கத்தில் இரண்டு கட்சி. அரிசி பருப்பு வாங்கி இருப்பு வைப்போம் என்கிறது ஒன்று. இதெல்லாம் மாநகராட்சி வேலை, நமக்கு எதற்கு என்கிறது இன்னொன்று. சாப்பாடு, தண்ணீர், சுத்தம் மூன்றையும் அளவோடு எழுதினால் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைப்போம்.

– பெயர் வேண்டாம், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

ஊசிப்போனதற்குச் சமையல்காரரைக் குறை சொல்லாதீர்கள். விடிகாலை 4 மணிக்கு உலை வைத்து, 6 மணிக்குக் கிளறி, 8 மணிக்குள் கட்டி, 9 மணிக்கு லாரி கிளம்பியது என்றே வைத்துக்கொள்வோம். தூத்துக்குடி சாதாரண நாளில் மூன்று மணி நேரப் பாதை. வெள்ளத்தில் சுற்றித்தான் போக வேண்டும். போய் இறங்கி, யாரிடம் ஒப்படைப்பது என்று விசாரித்து, டிராக்டர் பிடித்து ஊருக்குள் சேர்ப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். சூட்டோடு கட்டிய சாதம் பத்து மணி நேரம் பொட்டலத்துக்குள் வியர்த்துக்கொண்டே கிடந்தால் யார் கைப்பக்குவமும் நிற்காது. நம் ஊர் வெக்கையில் சமைத்த சாதத்துக்கு நாலு மணி நேரம்தான் ஆயுள் என்று வைத்துக்கொள்வது நல்லது. கெட்டதைத் திரும்பச் சூடாக்கியும் பிரயோஜனமில்லை. கிருமி செத்தாலும் அது விட்டுப்போன நஞ்சு சாகாது.

வெளியூருக்கு என்றால் சமைத்ததை அனுப்பாதீர்கள், சமைப்பதற்கு வேண்டியதை அனுப்புங்கள். அரிசி, புளிக்காய்ச்சல், இரண்டு தேக்சா, அடுப்பு, 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர், ஒரு சமையல் மாஸ்டர், இரண்டு எடுபிடி ஆள். ஒரு குட்டியானையில் அடங்கிவிடும். அந்த டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனதே, நினைவிருக்கும். அவர்களுக்குப் பக்கத்துப் புதுக்குடி மக்கள்தான் தங்களிடம் இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழையில் வெளியிலிருந்து ஒரு வண்டியும் நுழைய முடியாதபோது பக்கத்து ஊர் அடுப்புதான் உதவியது.

ஆயிரம் பேருக்குப் புளியோதரை என்றால் 100 கிலோ அரிசி. பழைய பொன்னிப் புழுங்கல் வாங்குங்கள். புது அரிசி குழையும், குழைந்தது சீக்கிரம் கெடும். புளி 9 முதல் 10 கிலோ, நல்லெண்ணெய் 10 லிட்டருக்குக் குறையாமல், உப்பு 3 கிலோ, வரமிளகாய் ஒன்றரை கிலோ, நிலக்கடலை 4 கிலோ, கடலைப்பருப்பு 2 கிலோ, மஞ்சள்தூள் 200 கிராம், பெருங்காயம் 100 கிராம், தாளிக்கக் கடுகு, வெந்தயம், கருவேப்பிலை. எண்ணெயில் கஞ்சத்தனம் காட்டினால் பொட்டலம் மதியத்தைத் தாண்டாது. புளிக்காய்ச்சலை எண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்டக் காய்ச்சி, ஈரமில்லாத எவர்சில்வர் தூக்கில் அடைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதனால் அதை மதுரையிலேயே செய்துகொள்ளலாம். சாதத்தை மட்டும் போன இடத்தில் வையுங்கள்.

வெள்ள இடத்தில் கஞ்சி வடித்துச் சமைப்பது ஆடம்பரம். வடிக்கிற முறையில் அரிசியைப் போல நாலைந்து மடங்கு தண்ணீர் வேண்டும்; வைத்து வடிக்காமல் இறக்கினால் இரண்டரை மடங்கு போதும். 100 கிலோவுக்கு 250 லிட்டர், அரிசி களையவும் கை கழுவவும் சேர்த்து 500 லிட்டர் டிரம் ஒன்று. ஒரே அண்டாவில் 50 கிலோ போடும் ஆசை வேண்டாம். அடி பிடிக்கும், மேலே வேகாது. 25 கிலோ 25 கிலோவாக நாலு தரம் வையுங்கள்.

இனி எல்லோரும் தப்பு விடுகிற இடம். சாதத்தை இறக்கியவுடன் கிளறிக் கட்டக்கூடாது. வெந்நீரில் அலசி உலர்த்திய வெள்ளை வேட்டியில் நாலு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆவி அடங்கியபின் காய்ச்சலைச் சேர்க்க வேண்டும். கைவைத்துப் பார்த்தால் வெதுவெதுப்புகூட இருக்கக்கூடாது. ஃபேன் போட்டால் முக்கால் மணி நேரத்தில் ஆறும். அவசரத்தில் இந்த முக்கால் மணி நேரத்தைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். பிறகு முதல் பொட்டலத்தை மட்டும் தராசில் 300 கிராம் நிறுத்து, அது எத்தனை கரண்டி என்று பார்த்துக்கொண்டால் மற்றதற்குத் தராசு வேண்டாம். பத்துப் பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் கட்டிவிடலாம். வாழை இலைத்துண்டு உள்ளே, வெளியே காகிதம். பழைய பேப்பர் மை சாதத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமைத்த நேரத்தை மார்க்கர் பேனாவில் எழுதுங்கள். கொடுக்கிறவர் மணியைப் பார்த்து, வேண்டாம் என்று ஒதுக்கவும் தைரியம் வேண்டும். தேங்காய், வெங்காயம், பட்டாணி, தயிர் எதுவும் பொட்டலத்துக்குள் போகவே கூடாது.

உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும் முதல் நாளில் பொட்டலம்கூட அவசரமில்லை. ரொட்டி, பிஸ்கட், பொரிகடலை, பேரீச்சை, வாழைப்பழம் போதும். அடுத்து இரண்டு மூன்று நாள் சமைத்த சாப்பாடு. தண்ணீர் வடிந்ததும் தேவை தலைகீழாகிவிடும். விளக்குமாறு, மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர், போர்வை, பாய், கொசுவர்த்தி, நாப்கின். வெளியூரிலிருந்து வரும் வண்டிகள் அப்போதும் சாதத்தோடுதான் வருகின்றன.

பழைய துணியைச் சங்க வாசலிலேயே மறுத்துவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. ஈரத்தில் நாறும் மூட்டையைப் பிரித்து, ஆண் பெண் குழந்தை என்று ஒதுக்க, வெள்ளத்தில் வீட்டை இழந்தவருக்கு நேரம் கிடையாது. புதுக் கைலி, நைட்டி, உள்ளாடை, துண்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் பணமாகத் தரட்டும். மளிகைப் பை கட்டும்போது எடையைக் கவனியுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு 10 கிலோ அரிசி, 2 கிலோ பருப்பு, எண்ணெய், உப்பு, சர்க்கரை, சோப்பு என்று 16 கிலோ வந்துவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெண் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. எட்டெட்டு கிலோவாக இரண்டு பையாகக் கட்டி, உள்ளே ஒரு பாலிதீன் பையும் போடுங்கள். குழந்தைகளுக்கென்று பால்பவுடரை அள்ளிக் கொடுப்பது நல்லதல்ல. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அசுத்தத் தண்ணீரில் கரைத்த பால்பவுடர் வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும்.

தண்ணீருக்கு வருவோம். தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்குள் வெள்ளம் போயிருந்தால் முழுக்க இறைத்து, சேற்றை வழித்து, பிளீச்சிங் கரைசலால் சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகே புதுத் தண்ணீர் விட வேண்டும். மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டு, மேலே ஒருவர் நிற்க, கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். மூடிக்கிடந்த சம்ப்பில் மூச்சு முட்டிச் செத்தவர்கள் உண்டு, அவர்களைக் காப்பாற்றக் குதித்துச் செத்தவர்களும் உண்டு. சுத்தமான தண்ணீர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சம்ப்பில் ஒன்றரை மீட்டர் தண்ணீர் நின்றால் 4,500 லிட்டர். 18 கிராம் பவுடர். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம் பிடிக்கும்.

பவுடரை நேரே தூவாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடியில் படியும் சுண்ணாம்பு வேண்டாம். அரை மணி நேரம் கழித்து, குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப் கருவியில் பார்த்தால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வெள்ள காலத்தில் 0.5 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருப்பது நல்லது. நிறமே வராவிட்டால் இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். இரண்டு காரணத்தால் இது தோற்கும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும்; படிகாரம் போட்டுத் தெளியவைத்து அப்புறம் போட வேண்டும். இன்னொன்று, திறந்து வைத்த மூட்டை. மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்புதான். வீட்டுக் குடத்துக்கு 0.5 கிராம் குளோரின் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்குக் காணும். தரை கழுவும்போது பிளீச்சிங்கோடு ஆசிட்டைச் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள். கிளம்பும் புகை நுரையீரலைப் பிடிக்கும்.

சேற்றில் வெறுங்காலோடு நின்று வேலை பார்த்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். அசையாமல் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட்டு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் புகுந்த வீட்டில் மெயினை அணைத்தது அணைத்தபடி இருக்கட்டும். எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் மோட்டாரைப் போட்டுப் பார்க்கக் கூடாது.

இனி உங்கள் சங்கச் சண்டை. இரண்டு கட்சிக்கும் பாதி நியாயம் இருக்கிறது. கால்வாய் தூர்வாருவதும் மோட்டார் வைத்து இறைப்பதும் மாநகராட்சியும் நீர்வளத் துறையும் பார்க்க வேண்டிய வேலை, சங்கம் மண்வெட்டி தூக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் பகுதிக்கு வரும் வெள்ளத்தின் குணம் வேறு. வைகை வெள்ளத்துக்கு எச்சரிக்கை உண்டு: 71 அடி வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியானால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. யானைக்கல் தரைப்பாலம் மூழ்குவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். உங்கள் பந்தல்குடி கால்வாய்க்குத் தண்ணீர் விடும் செல்லூர் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்வதற்கு அப்படி யாரும் சங்கு ஊத மாட்டார்கள். 2024 அக்டோபரில் பிற்பகல் சில மணி நேரத்தில் பத்து செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. சாயங்காலமே தெருவில் தண்ணீர். அந்த முதல் ராத்திரி முழுக்க அக்கம்பக்கத்தார் கையில்தான்.

அந்த ராத்திரிக்கு வேண்டியது அரிசி மூட்டை அல்ல. ஆறு மாதத்தில் அரிசியில் வண்டு விழும். கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையோடு பேசிவைத்தால் போன் போட்ட இரண்டு மணி நேரத்தில் வந்து இறங்கும். வாங்கி வைக்க வேண்டியது கெடாத பொருள்தான்: இரண்டு தேக்சா, அடுப்பு, தண்ணீர் டிரம், தார்ப்பாய், நூறடிக் கயிறு, டார்ச், மெகாபோன், லாரி டியூப் நாலைந்து. பிளீச்சிங் பவுடர் மட்டும் வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில் புதிதாக.

இதைவிட முக்கியம் ஒரு நோட்டு. பிட்டுக்கு மண் சுமந்த கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் முரசறைந்தான். பிட்டு விற்கும் கிழவி வந்தியிடம் அனுப்ப ஆளில்லை. அவளுக்குக் கூலியாளாக வந்த சிவன் உங்கள் தெருக் கிழவிக்குக் கிடைக்க மாட்டார். தனியே இருக்கும் முதியவர், படுத்த படுக்கையாக இருப்பவர், டயாலிசிஸ் போகிறவர், நிறைமாத கர்ப்பிணி, இன்சுலினை ஃபிரிட்ஜில் வைத்திருப்பவர். வீட்டு எண், மாடி உண்டா இல்லையா, சாவி யாரிடம், யார் போய்த் தூக்கி வருவது, இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். காகிதத்தில் எழுதுங்கள். கரண்ட் போய் டவரும் போன பிறகு வாட்ஸ்அப் குழு உதவாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மின்தடைக்கு மின்னகம் 94987 94987 இரண்டையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

சமையலுக்குத் தெருவிலேயே மேடான பக்கம் உள்ள கல்யாண மண்டபம் ஒன்றைப் பாருங்கள். சமையற்கட்டு தரைத்தளத்தில் தாழ்வாக இருந்தால் எவ்வளவு பெரிய மண்டபமானாலும் வேண்டாம். ஜெனரேட்டர், போர்வெல் தண்ணீர் இரண்டும் இருக்க வேண்டும். முகூர்த்த நாளில் வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்பதையும் மண்டபக்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள். ஐப்பசியில் முகூர்த்தமும் மழையும் சேர்ந்தேதான் வரும். மாற்றிடமாக ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர் வழியாக எழுதிக் கொடுத்து, இரண்டு இடத்துச் சாவியும் இரவு நேரத்தில் யாரிடம் இருக்கும் என்பதை அந்த நோட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.