அம்மாவின் வீட்டை இப்போதே மகன் பெயருக்கு எழுதிவிடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. அப்பா இல்லை. பக்கவாதத்தில் வலது கை, கால் செயலிழந்துவிட்டன. நினைவு தெளிவாக இருக்கிறது. இரவு பகலாக உடனிருக்க ஆள் வைத்திருக்கிறோம். அம்மா பெயரில் ஒரு வீடும் வங்கியில் 30 லட்சம் ரூபாயும் உள்ளன. "பராமரிப்புச் செலவு வீட்டை விழுங்கிவிடும், இப்போதே மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள்" என்கிறார் பத்திர எழுத்தர். எழுதலாமா? (திருச்சி வாசகி)

பதில்: எழுதாதீர்கள். அவசரம் பத்திர எழுத்தருக்குத்தான், உங்கள் அம்மாவுக்கு இல்லை.

அந்த பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். மருத்துவமனையோ ஹோம் நர்சிங் ஏஜென்சியோ பாக்கிக்காக நேரே வந்து வீட்டைப் பூட்ட முடியாது. சிவில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் ஜப்தி. கடன்காரருக்குப் பயந்து வீட்டைக் கைமாற்றினால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆவது பிரிவைக் காட்டி அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யச் சொல்லலாம். எந்த ஆபத்தைக் காட்டி எழுதச் சொல்கிறார்களோ, அது வரும்போது பத்திரம் கைகொடுக்காது. பிள்ளைகளும் அம்மா விட்டுச்செல்லும் சொத்தின் அளவுக்குத்தான் அவர் கடனுக்குப் பொறுப்பு. அட்மிஷன் படிவத்தில் "கட்டணத்துக்குப் பொறுப்பேற்கிறேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் மட்டும் சொந்தப் பணத்தோடு மாட்டுவார். அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை, படியுங்கள்.

தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுத முத்திரைத்தாள் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. எவ்வளவு பெரிய வீடானாலும் இதற்குள் முடிந்துவிடுவதால் "இப்போதே முடித்துவிடலாம்" என்று தூண்டுவது சுலபம். ஆனால் பதிவான நிமிடமே வீடு அம்மாவுடையது இல்லை. பிறகு மனம் மாறி அம்மா தனியாக ஒரு ரத்துப் பத்திரம் எழுதினால் அது நிற்காது. நாளை பணம் தேவைப்பட்டு வீட்டை விற்கவோ அதன்மேல் கடன் வாங்கவோ மகனின் கையெழுத்து வேண்டும். மகன் கடன்பட்டால் அவருடைய கடன்காரர்களும் அந்த வீட்டைத் தேடி வருவார்கள்.

"2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறதே, வருவாய் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து வீட்டைத் திரும்ப வாங்கிவிடலாம்" என்றும் சொல்வார்கள். பாதி உண்மை. 23-ஆவது பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பற்றித்தான் பேசுகிறது. வழக்கமான பத்திரங்களில் "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று மட்டும் அச்சடித்தது போல இருக்கும். அப்படி நிபந்தனையே இல்லாத ஒரு பத்திரத்துக்கு 23-ஆவது பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு அமர்வு முதியோர் பக்கம் தாராளமாக நின்றது. உங்கள் அம்மாவின் வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சோதித்துப் பார்க்கும் வயதா அவருக்கு?

விதிவிலக்கு ஒன்று உண்டு. வேலையை விட்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு, தன் காலத்திலேயே வீட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தால் எழுதலாம். அப்போதும் நான்கு வரி பத்திரத்துக்குள் இருந்தே ஆக வேண்டும். அம்மாவுக்கு ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமையும் வாடகை வாங்கும் உரிமையும். உணவு, மருந்து, உடனிருக்கும் ஆளின் சம்பளம், பிசியோதெரபி ஆகியவற்றைப் பிள்ளை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை, செலவுகளின் பெயரைச் சொல்லி. அம்மா இருக்கும்வரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற தடை. தவறினால் 23-ஆவது பிரிவின்கீழ் பத்திரம் ரத்தாகும் என்ற வாசகம். "இதெல்லாம் எழுதினால் சார் பதிவாளர் திருப்பி அனுப்பிவிடுவார்" என்று எழுத்தர் சொன்னால், வேறு எழுத்தரைப் பாருங்கள்.

அடுத்த பொறி பவர் பத்திரம். "பவர் கொடுத்துவிட்டால் அம்மா படுத்த படுக்கையானாலும் கவலையில்லை" என்பார்கள். படுக்கையானால் கவலையில்லைதான். நினைவு போனால் பவரும் போயிற்று. பவர் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அதிகாரம் முடிந்துவிடும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு. எந்த நாளுக்காக எழுதி வாங்கினோமோ, அந்த நாளில் அது வெறும் காகிதம். அதற்குப்பின் அம்மாவின் வைப்பு நிதியைத் தொடவே பாதுகாவலராக நியமிக்கக் கேட்டு உயர் நீதிமன்றம் போக வேண்டும். 2017-இல் மனநலச் சட்டத்தைப் புதிதாக எழுதினார்கள். மறதி நோயாளியின் சொத்தை யார் நிர்வகிப்பது என்பதற்கு அதில் ஒரு பிரிவு வைக்கத் தோன்றவில்லை.

ஆகவே நினைவு தெளிவாக இருக்கும்போதே வங்கி வேலையை முடியுங்கள். அன்றாடச் செலவுக்கான கணக்கை "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையில் கூட்டுக்கணக்காக மாற்றுங்கள். வலது கை வராததால் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கிளையில் திருப்பி அனுப்பினால், கைரேகையை ஏற்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறை உண்டு: இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500 ரூபாய். மாதக் கணக்கில் 20,500. ஆள் சம்பளத்தில் பெரும்பகுதிக்கு அது ஓடும். அவசரத்துக்கு ஆறு மாதச் செலவைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மீதியைப் போடுங்கள்.

காப்பீட்டை நம்பாதீர்கள். குளிப்பாட்ட, உடுத்த, நடக்க வைக்க ஆள் வைக்கும் செலவு பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. 70 வயது கடந்தவர்களுக்கான ஆயுஷ்மான் அட்டையின் 5 லட்சமும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான்.

பணம் தீர்ந்தால் வீட்டை விற்காமலே ரிவர்ஸ் மார்ட்கேஜ் கடன் வாங்கலாம். வங்கி மாதாமாதம் பணம் தரும், அம்மா கடைசிவரை அங்கேயே இருக்கலாம், அவருக்குப் பின் வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம். வங்கிக் கிளைகள் இதில் ஆர்வம் காட்டுவதில்லை, "அந்தத் திட்டமே இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்புவார்கள். மனுவாகக் கொடுத்து எழுத்தில் பதில் கேளுங்கள். வீடு அம்மா பெயரில் இருந்தால்தான் இந்தக் கடனும்.

மகனுக்கு வீடு போய்ச் சேர வேண்டுமென்றால் அதற்கு உயில் போதும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, எத்தனை முறையும் மாற்றலாம். சாட்சிகள் இருவர் வேண்டும், சொத்து பெறுபவர் அதில் வேண்டாம். அன்றைய தேதியில் டாக்டரிடம் "தெளிவான மனநிலையில் உள்ளார்" என்று சான்று வாங்கி, முடிந்தால் அந்த டாக்டரையே ஒரு சாட்சியாகப் போடுங்கள். பதிவு செய்ய விரும்பினால் அம்மாவை ஆம்புலன்சில் தூக்கிச் செல்ல வேண்டாம். மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்தால் சார் பதிவாளர் வீட்டுக்கு வந்து பதிவார். வலது கை வராவிட்டால் என்ன, இடது பெருவிரல் ரேகை போதும்.