டார்பிடோ ஆய்வகத்தில் பத்து வருஷம் வீணா?

இயற்பியல் முதுகலை முடிக்கப்போகும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கடற்படை ஆயுத ஆராய்ச்சியில் சேர ஆசை. ஆனால் கடைசியில் பாதுகாப்புத் தொழில்நுட்பக் கொள்கை வகுக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். அப்படியானால் ஆய்வகத்தில் பத்து வருஷம் போடுவது வீணா?"

வீணே இல்லை. நேராகக் கொள்கைப் பக்கம் போய்விடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

அமெரிக்கக் கடற்படையின் மார்க் 14 டார்பிடோவை (நீருக்கடியில் தானே ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் ஆயுதம்) எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள், குறி சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கப்பல் மூழ்க மாட்டேன் என்கிறது என்று புலம்பிக்கொண்டே இருந்தார்கள். ஆயுதத்துக்குப் பொறுப்பான துறையோ பழியை ஏவியவர்கள் தலையிலேயே போட்டது. 1942 ஜூனில் ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே கடலில் ஒரு வலையைக் கட்டி, அதன் வழியே டார்பிடோவை விட்டு, விழுந்த ஓட்டையை அளந்தார்கள். வைத்த ஆழத்தைவிட ஏறக்குறைய 10 அடி கீழே ஓடியிருந்தது! அதைச் சரிசெய்தும் தீரவில்லை. 1943 ஜூலையில் டினோசா என்ற நீர்மூழ்கி ஒரே கப்பல்மீது 15 டார்பிடோக்களை ஏவியது, பெரும்பாலானவை மோதியும் வெடிக்கவில்லை. அப்புறம் ஹவாயில் டார்பிடோக்களை 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின்மேல் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: நேர் செங்கோணத்தில் மோதினால் அதிர்ச்சியில் ஃபயரிங் பின் (வெடியைத் தூண்டும் ஊசி) சிக்கிக்கொள்கிறது, சாய்வாக மோதினால் வெடிக்கிறது. உயிரைப் பணயம் வைத்து மிகச் சரியாகக் குறிபார்த்தவனுக்குத்தான் ஆயுதம் கைவிரித்திருக்கிறது.

இத்தனைக்கும் வேர் எங்கே? ஒரு டார்பிடோவின் விலை சுமார் 10,000 டாலர் என்பதால் போருக்கு முன்பு உண்மையான வெடிச்சோதனைகளை அநேகமாகச் செய்யவே இல்லை. அது ஒரு கொள்கை முடிவு. சோதனைக் களத்தில் நின்று பழகாதவர் கையில் பட்ஜெட் வந்தால் முதலில் வெட்டுவது சோதனையைத்தான், இதைத்தான் நீங்கள் தடுக்க வேண்டும்.

களம், கொள்கை என இரண்டு பக்கமும் இருந்தவர் என்றால் எனக்கு பேட்ரிக் பிளாக்கெட் நினைவுக்கு வருவார். 1916 ஜட்லண்ட் கடற்போரில் இருந்தவர், பிறகு இயற்பியலாளர், 1948-இல் நோபல். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்காக அவரும் குழுவும் கணக்குப் போட்டு, சரக்குக் கப்பல்களைப் பெரிய கூட்டங்களாக அனுப்பச் சொன்னார்கள். கப்பல்கள் இரட்டிப்பானாலும் காவல் காக்க வேண்டிய சுற்றளவு இரட்டிப்பாகாது, அவ்வளவுதான் கணக்கு. நேருவுக்கு ராணுவ அறிவியல் குறித்து ஆலோசனை சொன்னவரும் அவரே.

சரி, என்ன படிப்பது? நீரடி ஒலியியல், சிக்னல் பிராசஸிங் (இரைச்சலுக்குள்ளிருந்து வேண்டிய தகவலைப் பிரித்தெடுப்பது), கூடவே புள்ளியியல். புள்ளியியலை விட்டுவிடாதீர்கள், பத்தே ஏவுதல்களை வைத்து எவ்வளவு சொல்லலாம், எவ்வளவு சொல்லக் கூடாது என்பது அதில்தான் இருக்கிறது. முனைவர் பட்டத்தை வெளியில் பிரசுரிக்கக்கூடிய தலைப்பில் முடித்துவிடுங்கள், உள்ளே போனபின் செய்யும் வேலையில் பாதி ரகசியக் கோப்புக்குள் போய்விடும். ஏதாவது ஒரு கருவியை வரைபடத்திலிருந்து கப்பலில் ஏறும்வரை கூடவே இருந்து பார்த்தபிறகு கொள்கைப் பக்கம் நகருங்கள், அதற்குள் செலவுக் கணக்கும் ஒப்பந்தமும் படித்துக்கொள்ளலாம். நேர்முகத் தேர்வில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடல் சோதனைக்கு என்னையும் கப்பலில் ஏற்றுவீர்களா?