சுங்கத்தில் நிற்கும் ஓஷிமாவின் படம்

கேள்வி: டோக்கியோவில் பணிபுரிகிறேன். ஜப்பானிய இயக்குநர் நகிசா ஓஷிமாவின் ‘ஐ நோ கொரிடா’ (1976) படத்தின், மறைப்புகள் இல்லாத முழுமையான டிவிடியைப் பிரான்சிலிருந்து வரவழைத்தேன். சுங்கத்துறை அதை நிறுத்திவைத்து, பொருளைக் கைவிடுவதாக ஒப்புதல் தரும் படிவத்தை அனுப்பியுள்ளது. ஓஷிமாவையே நீதிமன்றம் விடுவித்த பிறகு இது எப்படிச் சரியாகும்? டிவிடி கிடைத்தால் எங்கள் திரைப்படக் கழகத்தில் காட்டலாமா?

பதில்: அந்தப் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்திடாதீர்கள், இட்டுவிட்டால் வாதாடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

ஓஷிமா பெற்ற விடுதலை உங்களுக்கு நேரடியாக உதவாது. அவர்மீது ஆபாச வழக்கு வந்தது, படத்தின் திரைக்கதையும் நிழற்படங்களும் அடங்கிய நூலுக்காக. டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1979-லும் உயர் நீதிமன்றம் 1982-லும் அவரை விடுவித்தது அந்த நூலைப் பொறுத்தவரைதான். படச்சுருளோ ஜப்பானில் எடுக்கப்பட்டு, கழுவப்படாமலே பிரான்சுக்கு அனுப்பப்பட்டு, அங்கே படமாக உருப்பெற்று, இறக்குமதிப் பொருளாகவே தாய்நாடு திரும்பியது. உங்கள் டிவிடியும் அதே வாசலில்தான் நிற்கிறது. பொது ஒழுக்கத்துக்குக் கேடானவை என்று கருதப்படும் பொருள்களைச் சுங்கச் சட்டம் தடுக்கிறது. சொந்தப் பார்வைக்கு என்பதும் விலக்காகாது. இந்தச் சுங்கச் சோதனை அரசமைப்பு விலக்கிய தணிக்கை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் கூறிவிட்டது.

ஆயினும் உங்களுக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. அமெரிக்க நிழற்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தோர்ப்பின் நிழற்படத் தொகுப்பைச் சுங்கம் தடுத்த வழக்கில், தனிப் பக்கங்களைப் பிரித்தெடுக்காமல் தொகுப்பின் கலைத்தன்மையை முழுமையாக நோக்கி, தடை செல்லாது என்று 2008-இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1936-இல் தன் காதலனைக் கொன்ற அபே சதாவின் கதையைச் சொல்லும் இப்படத்தில், உடலுறவுக் காட்சிகள் கதைக்குப் புறம்பானவை அல்ல; வேட்கை படிப்படியாக மரணத்தை நெருங்குவதை அக்காட்சிகளே சொல்கின்றன. அதை உங்கள் மனுவில் காட்சி காட்சியாக நிறுவ வேண்டும். நிழற்படத்துக்குக் கிடைத்த தளர்வு அசையும் படத்துக்கும் கிடைக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். எனினும் இக்கலைப்படைப்புக்காகப் போராடுவது தகும் என்றே கருதுகிறேன். சுங்கத்தின் முறையான அறிவிப்பை எழுத்தில் கேட்டுப் பெற்று, மூன்று மாதங்களுக்குள் ஆட்சேப மனு அளியுங்கள். நீதிமன்றம் அதற்கு அடுத்த படி. செலவு டிவிடியின் விலையைப் பன்மடங்கு தாண்டும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

கழகத் திரையிடல் வேறு விஷயம். ஆபாசப் பொருளைத் தனியே வைத்திருப்பதைத் தண்டனைச் சட்டத்தின் 175-ஆம் பிரிவு குற்றமாக்கவில்லை. விநியோகிப்பதையும் பொதுவில் காட்டுவதையும்தான் குற்றமாக்கி, இரண்டு ஆண்டு வரை சிறையோ 25 லட்சம் யென் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. கழகத்தினருக்குக் காட்ட விரும்பினால், 2000-இல் ஜப்பானில் மறைப்புகளுடன் வெளியான வடிவத்தை, திரையிடல் உரிமை பெற்றுக் காட்டுங்கள்.