ஜெயிக்கிற குதிரை எது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணா, நான் அமெரிக்க சிட்டிசன் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, டெமாக்ரட்டிக் கட்சியில பதிஞ்சும் வச்சிருக்கேன். 2028 பிரைமரியை, அதாவது நவம்பர் பிரசிடெண்ட் தேர்தல்ல கட்சி வேட்பாளரா யார் நிக்கணும்னு முன்னாடியே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறதை நினைச்சு எங்க வீட்டுல இப்பவே சண்டை. யாரைப் பிடிச்சிருக்கோ அவங்களுக்குத்தான் போடணும்னு நான் சொல்றேன். "உனக்குப் பிடிச்சு என்ன ஆகப்போகுது, நவம்பர்ல ஜெயிக்கிற ஆளா பாத்துப் போடு"ங்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்றது சரி?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: உங்க வீட்டுக்காரர் சொல்றது புதுசு இல்லம்மா, அந்தக் கட்சியில ரொம்ப காலமா ஓடுற பேச்சு அது, எலக்டபிலிட்டின்னு அதுக்கு ஒரு பேரே வச்சிருக்காங்க. நம்ம பாஷையில ஜெயிக்கிற குதிரை. 2004ஐ எடுத்துக்கோங்க. ஹோவர்ட் டீன்னு வெர்மான்ட் மாஜி கவர்னர், இராக் போரை எதிர்த்துப் பேசி இளவட்டத்தையெல்லாம் இழுத்துட்டு வந்தவர், 2003 கடைசியில எங்க பாத்தாலும் அவர் பேச்சுதான். ஓட்டுப் போடுற நாள் நெருங்க நெருங்க அப்போ முதல்ல ஓட்டு நடந்த அயோவா மாநிலத்து ஜனங்களுக்கு வயித்துல புளி கரைஞ்சிடுச்சு, இந்த மனுஷன் அப்போ பிரசிடெண்டா இருந்த ரிபப்ளிகன் புஷ்கிட்ட தோத்துடுவாரோன்னு. ஜான் கெர்ரி வியட்நாம்ல சண்டை போட்டு மெடல் வாங்கினவர், அவரைப் பாத்து நாட்டைக் காப்பாத்தத் தெரியாதவர்னு எவனும் சொல்ல முடியாதுன்னு கணக்குப் போட்டு அந்தப் பக்கம் சாஞ்சாங்க, டீன் மூணாவது இடத்துக்குப் போனார். டீனைக் காதலிச்சோம், கெர்ரியைக் கட்டிக்கிட்டோம்னு கார்ல ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்கன்னா பாத்துக்கோங்க. அப்புறம் என்னாச்சு, எந்த மெடலை நம்பி இவரை நிறுத்தினாங்களோ அந்த மெடலையே சந்தேகப்பட்டு எதிர்த்தரப்பு ஆளுங்க டிவியில விளம்பரமா போட்டுத் தள்ளினாங்க. கெர்ரி தோத்தார்.

இதுல எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. ஜெயிக்கிற ஆளுக்குப் போடறேன்னு கிளம்பினா நீங்க உங்க ஓட்டைப் போடல, எந்தப் பக்கமும் சாயக்கூடிய பென்சில்வேனியாவிலயோ விஸ்கான்சின்லயோ நீங்க பாத்தே இராத ஒருத்தர் மனசுல என்ன ஓடும்னு நீங்களா நினைச்சுக்கிட்டு அவருக்குப் பதிலா போடறீங்க. அந்த ஆளு அங்க உக்காந்துகிட்டு நியூ ஜெர்சிக்காரங்களுக்கு யாரைப் பிடிக்கும்னு யோசிச்சுக்கிட்டு இருப்பார். 2019ல ஒரு சர்வே எடுத்தாங்க, யாருக்குப் போடுவீங்கன்னு கேட்டா பைடன் முன்னாடி நின்னார், தேர்தலே வேண்டாம் மந்திரக்கோலைச் சுத்தி யாரை வேணா பிரசிடெண்ட் ஆக்கலாம்னா யாரை ஆக்குவீங்கன்னு கேட்டா அதே போட்டியில இருந்த எலிசபெத் வாரன் மேல வந்துட்டாங்க. அந்த வருஷம் பைடனோட மனைவி ஜில் பைடனே நியூ ஹாம்ப்ஷயர் கூட்டத்துல, மருத்துவக் கொள்கையில உங்க ஆளு எங்க ஆளைவிட மேலா இருக்கலாம், ஆனா யார் ஜெயிப்பாங்கன்னு பாக்கணும், கொஞ்சம் முழுங்கிக்கத்தான் வேணும்கிற மாதிரி பேசினாங்க. கட்டின புருஷனுக்கு ஓட்டு கேக்குறப்பவே கஷாயம் குடிக்கச் சொல்ற மாதிரி!

அதுக்காக வீட்டுக்காரரை ஒரேயடியா மட்டம் தட்டிடாதீங்க. 1972ல கட்சிக்காரங்க மனசுக்குப் பிடிச்ச மெக்கவர்னை நிறுத்தி மாசசூசெட்ஸ், வாஷிங்டன் டி.சி. ரெண்டே இடத்தோட 17 எலக்டோரல் ஓட்டு (மாநிலவாரியா கிடைக்கிற இந்த ஓட்டுதான் பிரசிடெண்ட் யாருன்னு முடிவு பண்ணும்) வாங்கி மண்ணைக் கவ்வினாங்க, அந்த அடியோட பயம்தான் இன்னிக்கு வரைக்கும் பேசுது. ஆனா ரொம்ப தீவிரம், வயசும் ஆச்சுன்னு சொன்ன ரிபப்ளிகன் ரீகன் 1980ல 44 மாநிலத்தை அள்ளிட்டுப் போனாரே, அதை என்ன சொல்ல? அதனால ஆளுக்குப் பேசத் தெரியுமா, அடிச்சா தாங்குவாரா, இதுவரைக்கும் கஷ்டமான தொகுதியில நின்னு ஜெயிச்சிருக்காரான்னு பாருங்க, அதெல்லாம் கண்ணுக்குத் தெரியுற விஷயம். ஊரான் மனசை ஜோசியம் பாக்காதீங்க. இன்னொண்ணு, உங்க மாநிலத்துல பிரைமரி வழக்கமா ஜூன்ல வருது, அதுக்குள்ள பெரும்பாலும் ஆட்டமே முடிஞ்சிருக்கும், இதுக்குப் போய் சண்டை போட்டு சாப்பாட்டை ஆற விடாதீங்க.

கேள்வி: 2020ல பைடன் முதல் மூணு மாநிலத்துலயும் தோத்துட்டு எப்படி சார் வேட்பாளர் ஆனார்? உள்குத்துதானே?
– வாசகர், மதுரை

பதில்: தோல்வின்னா சாதாரணத் தோல்வி இல்ல, அயோவாவுல நாலாவது, நியூ ஹாம்ப்ஷயர்ல அஞ்சாவது. நெவாடாவுல ரெண்டாவது வந்தாலும், போட்டியில இருந்த இடதுசாரி பெர்னி சாண்டர்ஸ் எங்கேயோ முன்னாடி இருந்தார். பைடன் கதை முடிஞ்சுதுன்னு டிவியில எல்லாரும் எழுதியே வச்சுட்டாங்க. அடுத்தது பிப்ரவரி 29, சவுத் கரோலினா. அங்க டெமாக்ரட்டிக் பிரைமரியில ஓட்டுப் போடுறவங்கள்ல பாதிக்கு மேல கறுப்பின மக்கள். அந்த ஊரு எம்.பி. ஜிம் கிளைபர்ன் மூணு நாள் முன்னாடி, நம்மளை ஜோவுக்குத் தெரியும், ஜோவை நமக்குத் தெரியும்கிற பாணியில ஆதரவு சொன்னார், பைடன் பாதிக்குக் கிட்ட ஓட்டை வாங்கிட்டார். உடனே போட்டியில இருந்த புட்டிஜெஜ்ஜும் க்ளோபுச்சாரும் விலகி அவர் பக்கம் வந்தாங்க, மார்ச் 3, பல மாநிலம் ஒரே நாள்ல ஓட்டுப் போடுற சூப்பர் டியூஸ்டேல 14 மாநிலத்துல 10 அவருக்கு. ஆக நாலே நாள்ல செத்த குதிரை ஜெயிக்கிற குதிரை ஆயிடுச்சு!

பெரிய தலைங்க போன்ல பேசி முடிச்சாங்கன்னு சாண்டர்ஸ் ஆளுங்க இன்னிக்கும் பொருமுவாங்க, அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு, ஆனா ஓட்டுப் போட்டது ஜனங்கதான். சவுத் கரோலினாவுல வயசான கறுப்பின வாக்காளர்கள் பக்கத்துத் தெரு வெள்ளைக்காரங்களை ஆயுசு பூரா பாத்தவங்க, அவங்க போட்ட கணக்கு டிவி நிபுணர் கணக்கை விடக் கெட்டி. அதே மாநிலத்துல 2007ல கறுப்பின வாக்காளர்கள் நிறைய பேர் ஹிலாரி பக்கம்தான் இருந்தாங்க, ஒபாமாவுக்கு வெள்ளைக்காரன் போடமாட்டான்னு நினைச்சு. 2008 ஜனவரி 3ல, வெள்ளைக்காரங்களே நிறைஞ்ச அயோவாவுல ஒபாமா ஜெயிச்சதும் அப்படியே இந்தப் பக்கம் வந்துட்டாங்க. ஒருத்தர் ஜெயிக்க முடியும்னு நம்ப வைக்கிறதுக்கு ஜெயிச்சுக் காட்டுறதைத் தவிர வேற வழியே இல்ல போல.

அப்புறம் பைடன் ட்ரம்ப்பை ஜெயிச்சாரே, கணக்கு சரிதானேம்பீங்க. ஜெயிச்சார், எலக்டோரல் ஓட்டுல 306க்கு 232. ஆனா அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூணுலயும் சேத்து வித்தியாசம் சுமார் 43,000 ஓட்டு, நம்ம சேப்பாக்கம் ஸ்டேடியம் நிறைஞ்சா வர்ற கூட்டத்தைவிடக் கொஞ்சம் கூட. அது மட்டும் மாறியிருந்தா ரெண்டு பேருக்கும் 269, சமம். சாண்டர்ஸ் நின்னிருந்தா கூட வந்திருக்குமா குறைஞ்சிருக்குமா? அந்தத் தேர்தல் நடக்கவே இல்லையே, யாரு எண்ணிப் பாக்குறது.

கேள்வி: பொண்ணு நின்னா ஜெயிக்காதுன்னு அமெரிக்காவுலயே பேசுறாங்களாமே?
– வாசகி, சேலம்

பதில்: பேசுறாங்க. 2018 டிசம்பர்ல சாண்டர்ஸ் தன்கிட்டயே அப்படிச் சொன்னார்னு வாரன் சொன்னாங்க, சொல்லவே இல்லன்னு அவர் மறுத்தார், 2020 ஜனவரி டிபேட்டே அதுல சூடாயிடுச்சு. இதுல பாதிப் பேர் எனக்கு ஆட்சேபணை இல்ல, பக்கத்து வீட்டுக்காரன் போடமாட்டானேன்னுதான் சொல்லுவாங்க. மாப்பிள்ளை வீட்டுல "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், ஊர் என்ன சொல்லும்"னு சீர் லிஸ்ட் நீட்டுவாங்களே, அந்தக் கதை. 2016ல ஹிலாரி ட்ரம்ப்பைவிட 28 லட்சத்துக்கு மேல அதிகமா ஓட்டு வாங்கினாங்க, மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூணுலயும் சேத்து சுமார் 78,000 ஓட்டுல பதவி போச்சு. பொண்ணுங்கிறதால தோத்தாங்களா, ஹிலாரிங்கிறதால தோத்தாங்களா, விஸ்கான்சின் பக்கமே எட்டிப் பாக்காம இருந்ததாலயா? பழியைத் தூக்கி முதல் காரணத்துல போட்டுட்டா மத்த ரெண்டையும் யாரும் கேக்கமாட்டாங்க, கட்சிக்கும் வசதி.

கேள்வி: பணம் இருந்தா போதாதா?
– வாசகர், திருப்பூர்

பதில்: நியூயார்க் மாஜி மேயர், பெரும் பணக்காரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் 2020 டெமாக்ரட்டிக் பிரைமரியில 50 கோடி டாலருக்கு மேல இறைச்சார். சூப்பர் டியூஸ்டேல ஜெயிச்சது அமெரிக்கன் சமோவான்னு பசிபிக் கடல்ல இருக்கிற தீவுக்கூட்டம் ஒண்ணு மட்டும்.

கேள்வி: கமலா ஹாரிஸ் 2019ல முதல் ஓட்டு விழறதுக்கு முன்னாடியே விலகிட்டாங்க, 2024ல பிரைமரியில நிக்கவே இல்ல. எங்க பக்கத்து துளசேந்திரபுரம் கோயில்ல ரெண்டு தடவையும் பூஜை போட்டோம். பிரைமரியில ஜெயிச்சு வந்திருந்தா பிரசிடெண்ட் ஆகியிருப்பாங்களா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கமலாவோட தாத்தா ஊர்க்காரங்க ஆதங்கம் புரியுது. ஜூலை 21ல பைடன் விலகினார், நவம்பர் 5ல ஓட்டு, நடுவுல நூறு நாளுக்கு சொச்சம். பிரைமரின்னு ஒண்ணு ஒழுங்கா நடந்திருந்தா அடிவாங்கிப் பழகியிருப்பாங்க, எந்தக் கேள்விக்குத் தடுமாறுவாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். இல்லைன்னா வேற யாராவது ஜெயிச்சு இவங்க வெளியே போயிருப்பாங்க, அதுவும் நடக்கக்கூடியதுதான். உங்க பூஜையில குறை ஒண்ணும் இல்ல.

கேள்வி: சரி, சுத்தி வளைக்காம சொல்லுங்க, 2028ல ரெண்டு கட்சியிலயும் யாரு?
– வாசகர், சென்னை

பதில்: 2007 பூரா ரிபப்ளிகன் கட்சி சர்வேல ரூடி ஜூலியானிதான் முன்னாடி நின்னார். நியூயார்க் மேயரா இருந்தவர், டெமாக்ரட் ஓட்டையும் பிரிப்பார், இவரை விட்டா ஆளில்லைன்னாங்க. அவரும் அயோவாவை எல்லாம் விட்டுட்டு ஃப்ளோரிடாவே கதின்னு போய் உக்காந்தார், அங்க மூணாவது வந்தார், 2008 ஜனவரி 30ல வீட்டுக்குப் போயிட்டார். அப்போ நானும் டீக்கடையில அவர் பேரைத்தான் சொல்லிட்டு இருந்தேன், பந்தயம் கட்டின இருநூறு ரூபாயும் போச்சு. 2028 நவம்பர்ல மறுபடி எழுதுங்க, "நான் அப்பவே நினைச்சேன்"னு தைரியமா பதில் போடறேன்.